பிராசஸரைக் கடைசியில் எழுதியவன்

சாகுல் இறந்த செய்தி வந்தபோது நான் அவனைப் பற்றித்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். ராஜபாளையத்தில் என் கம்ப்யூட்டர் கடை. எதிரே தளவாய்புரத்திலிருந்து வந்த ஒருவர். கேமிங் கம்ப்யூட்டருக்கு ஆறு கோர் பிராசஸர் போதும் என்று ஸ்ரீவில்லிபுத்தூர் சாகுல் சொன்னானாம். நீங்கள் ஏன் எட்டு என்கிறீர்கள் என்று கேட்டார். கோர் என்பது பிராசஸருக்குள் வேலை செய்கிற கை மாதிரி, கூடக்கூட விலையும் கூடும்.

"அவன் படிப்பப் பாதியில விட்டவன்ணே. அவனுக்கு அம்புட்டுத்தான் தெரியும்" என்றேன்.

சொல்லி வாயை மூடவில்லை, என் தாய்மாமாவிடமிருந்து போன். "ஏலே, ஒங்கூடப் படிச்ச சாகுலு போயிட்டாம்லே."

இரண்டு நாள் காய்ச்சல். மதுரைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். மூன்றாம் நாள் காலையில் எல்லாம் முடிந்துவிட்டது. முப்பது வயது நிரம்பவில்லை. விஷயத்தைச் சொன்னதும் அந்தத் தளவாய்புரத்துக்காரர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். நான் செத்தால் எவன் இப்படி எழுந்து நிற்பான் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. துக்கம் அதற்குப் பிறகுதான் வந்தது.

இந்த அஞ்சலியைப் படிக்கிற நீங்கள் ஒன்று எங்களோடு கிருஷ்ணன்கோவில் காலேஜில் படித்தவர்கள், இல்லையென்றால் அவனிடம் மெஷின் வாங்கியவர்கள். உங்களிடம் பூசி மெழுக ஒன்றுமில்லை. அவன்மேல் எனக்குப் பொறாமை. மைக்ரோபிராசஸர் லேபில் எனக்குத்தான் முதல் மார்க். மூன்றாம் வருஷம் அவன் வாப்பா படுக்கையில் விழுந்ததும் அவன் காலேஜை விட்டுவிட்டு அவருடைய வாட்ச் கடையில் உட்கார்ந்தான். கொஞ்ச நாளில் அது கம்ப்யூட்டர் கடை ஆனது. நான்காம் வருஷம் நம் பேராசிரியர் ஒருவர் என் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே போனில், "சாகுல், என் பையனுக்கு எந்த பிராசஸர்ப்பா போடலாம்?" என்று கேட்டார். பேசி முடிக்காமலே நோட்டை என்னிடம் நீட்டினார். முதல் மார்க் வாங்குகிறவன் பக்கத்திலேயே நிற்கிறேன். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கேமிங் மெஷின் என்று யார் வந்தாலும் நானும் மற்ற கடைக்காரர்களும் முதலில் பிராசஸரைத்தான் பேசுவோம். நான் ஒரு படி மேலே போய் நாலு பக்கத்துக்கு ஒப்பீட்டுப் பட்டியல் அச்சடித்துக் கொடுப்பேன். அவன் ஒரு துண்டுச் சீட்டு எடுப்பான். மானிட்டர் முதல் வரி. பிறகு கிராபிக்ஸ் கார்டு, ரேம், பவர் சப்ளை. பிராசஸரும் அதற்கேற்ற மதர்போர்டும் கடைசி வரி. "என்ன வெளையாடுதீக, எதுல பாக்கீக, அத மொதல்ல சொல்லுங்க. பிராசஸர் எங்க ஓடியா போயிரும்?" இதுதான் அவன் தினமும் சொன்ன வாக்கியம். என் பட்டியலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அவனிடம் போய் வாங்கியவர்களை எனக்குப் பெயரோடு தெரியும்.

இனி யாரிடமும் சொல்லாத ஒன்று. ஊருக்கெல்லாம் பிராசஸர் விற்கிற எனக்கு, என் சொந்த மெஷினுக்கு எதைப் போடுவது என்று போன வருஷம் இரண்டு மாதமாக முடிவெடுக்க வரவில்லை. ஒவ்வொரு ராத்திரியும் ஒரு வீடியோ பார்ப்பேன். காலையில் மனசு மாறியிருக்கும். அவனிடம் கேட்க வீம்பு விடவில்லை. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த என் மாமாவை, மகனுக்கு வாங்குவதுபோல் போய்க் கேட்கச் சொல்லி அனுப்பினேன். பன்னிரண்டு கோர், துப்பாக்கியால் சுடுகிற கேம் என்று எல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனார்.

திரும்பி வந்தபோது முகமெல்லாம் சிரிப்பு. "என்னமாப் பேசுதாம்லே! டீ வாங்கிக் குடுத்தான். மானிட்டர் என்னன்னான். பழசு ஒண்ணு கெடக்குன்னேன். ரூம்பு எங்கன்னான். மொட்ட மாடில தகரம் போட்டதுன்னேன்."

"அதையெல்லாம் எதுக்கு மாமா சொன்னீங்க?"

"கேட்டாம்லே, சொன்னேன். பட்டாளத்துக்காரன் பொய்யா சொல்லுவான்?"

சீட்டில் முதல் வரி புது மானிட்டர். கடைசி வரி ஆறு கோர். "பன்னெண்டு கோர் வீடியோ வெட்டுறவனுக்கு மாமா, சுடுறவனுக்கு ஆறு போதும். மிச்சத்த மானிட்டர்ல போடச் சொல்லுங்க" என்றானாம். மாமா அதை அவன் குரலிலேயே நடித்துக் காட்டினார். அந்த எரிச்சலில் அன்றைக்கே பன்னிரண்டு கோருக்கு ஆர்டர் போட்டேன்.

மெஷின் விநாடிக்கு நூற்றைம்பது பிரேம், அதாவது நூற்றைம்பது படம், தயாரித்தது. பழைய மானிட்டர் அறுபதுக்கு மேல் காட்டாது. சித்திரை வெயிலில் தகரத்துக்குக் கீழே அரை மணி நேரம் விளையாடினால் பிராசஸர் சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டது. ஆறு மாதம் கழித்து ஒரு கல்யாண மண்டபத்தில் சாகுல் எதிரே வந்தான். "மாமா மகன் மெஷின் எப்படி ஓடுது?" என்று கேட்டான். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. "பிரமாதமா ஓடுது" என்றேன். "சந்தோசம்லே" என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போனான்.

அடக்கம் முடிந்து பஸ்ஸில் திரும்பும்போது மாமா சொன்னார். "அவன் அன்னைக்கே கண்டுபிடிச்சுட்டாம்லே. காலேஜ்ல நீ எப்பமோ சொன்னத ஞாபகம் வச்சிருந்து, ஒங்களுக்கு ரெண்டும் பொம்பளப் பிள்ளைகள்லா மாமான்னான். எனக்கு வேர்த்துருச்சு. பொறவு அவனே, வேலுகிட்டச் சொல்லாதீக, சங்கடப்படுவான்னு கையப் பிடிச்சுக்கிட்டான்."

மண்டபத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் இருவரும் சிரித்திருப்போம். அதற்கு எனக்கு ஒரு நிமிஷம் இருந்தது. பந்திக்குப் போகிறவனை நிறுத்தி, 'நீ சொன்னதுதான் சரி' என்று மூன்று வார்த்தை. வரவில்லை. இனி அதை எங்கே போய்ச் சொல்ல?

போன வாரம் மகாராஜபுரத்திலிருந்து ஒரு பெண் வந்தார். மில்லில் சூப்பர்வைசர். சேர்த்து வைத்த சம்பளத்தில் தனக்கென்று மெஷின் வாங்குகிறார். கையில் சாகுல் எழுதிய சீட்டு. எல்லா வரியும் நிரம்பியிருந்தது. கடைசியில் 'பிராசஸர்' என்று மட்டும் எழுதிப் பக்கத்தில் வெற்றிடம்.

"நீ வெளையாடுறத ஒரு தடவ பாத்துட்டு எழுதுதேன், காய்ச்சலா இருக்கு, திங்கக்கெழம வா தங்கச்சின்னாக. நீங்க எழுதிக் குடுங்கண்ணே."

என் அலமாரியில் ஒரு எட்டு கோர் விற்காமல் கிடந்தது. கண் அங்கே போனது. போன கண்ணை இழுத்துக்கொண்டு, என்ன விளையாடுகிறார் என்று கேட்டேன். நகரம் கட்டுகிற கேம். கடையில் இருந்த ஒரு மெஷினில் அவரை உட்காரவைத்து ஒரு மணி நேரம் பார்த்தேன். தெருத்தெருவாக ஆயிரக்கணக்கான ஆட்களும் வண்டிகளும். அத்தனையையும் நகர்த்துவது பிராசஸர்தான். இவருக்கு எட்டு வேண்டும். கணக்கு அப்படித்தான் சொல்கிறது. ஆனால் கணக்குச் சொல்கிறதா, அலமாரி சொல்கிறதா? அதைக் கேட்டுத் தெளிய இந்த வட்டாரத்தில் இருந்தவன் ஒருவன்தான்.

எட்டு என்று எழுதினேன்.

"அண்ணன் எல்லாருக்கும் ஆறுதானே எழுதுவாக?"

"ஒங்களுக்கு எட்டுதான் எழுதியிருப்பான்" என்றேன். அவன் சொல்வது சரியாகத்தான் இருக்கும் என்று என் வாயால் ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை.

அவர் என் நம்பரைப் போனில் பதிந்தார். எட்டிப் பார்த்தேன். 'சாகுல் அண்ணன் ராஜபாளையம்' என்று இருந்தது.

"எம்பேரு வேல்முருகன்ங்க."

"தெரியும்ணே. அது மறந்துரும். இப்படிப் போட்டாத்தான் தேடும்போது வரும்."

சாகுலிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான்: ஒரு வாடிக்கையாளரின் போனில் அவன் பெயர், அதன் கீழே என் நம்பர். பார்த்ததும் வயிறு எரிந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் மாற்றச் சொல்லவில்லை.