மீன் புத்தகங்களுக்கு நடுவே ஓர் ஏரி அறிக்கை

எங்கள் ஆராய்ச்சி நிறுவன நூலகத்தில் பதினெட்டு வருடம் நான் பார்த்தது ஒரே வேலைதான். புதிதாக வரும் புத்தகம் எதைப் பற்றியது என்று பார்த்து, அலமாரியில் அதன் இடத்தைச் சொல்லும் எண்ணைக் கொடுப்பது. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் என் இடம். படிக்க வருகிறவர்களிடம் பேச வேண்டியிருக்கவில்லை. எனக்கு அது சௌகரியமாகவும் இருந்தது.

போன வருடம் வந்த புதிய நூலகர், ஊழியர்களுக்குத் தனித்தனிப் பிரிவுகள் இனி கிடையாது என்றார். எண் கொடுக்கும் வேலை வெளி நிறுவனம் ஒன்றுக்குப் போயிற்று. என்னை ‘ஆய்வாளர் உதவி’க் குழுவில் போட்டார்கள். முன்கூடத்தில் உட்கார்ந்து, யார் எது கேட்டாலும் தேடித் தர வேண்டும். அன்று ஆவடியிலிருந்து சேக்காட்டிலுள்ள வீட்டுக்கு பஸ் ஏறாமல் நடந்தே போனேன். வேலையை விட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

மறுநாள் என் மேசையை முன்கூடத்துக்குத் தள்ளிவந்தவர், அலமாரிகளைப் பார்த்துக்கொள்ளும் வெள்ளானூர்க்காரர். “இன்னா மேடம், மூஞ்சி இப்டி கீது? வர்றவங்க இன்னா கடிச்சா துன்னப் போறாங்க?” என்றார்.

இரண்டாவது வாரம் திருவேற்காட்டிலிருந்து ஓர் ஆய்வு மாணவி வந்தாள். அம்பத்தூர், ஆவடி ஏரிகளை இணைத்த கால்வாய்களைப் பற்றி ஆராய்கிறாள்.

“பழைய சர்வே அறிக்கை ஒண்ணு இங்க இருக்குன்னு சொல்றாங்க மேடம். தலைப்பு யாருக்கும் தெரியல. ஏரி, கால்வாய், பாசனம்னு எல்லாம் போட்டுப் பார்த்துட்டேன். ஆறு மாசமாத் தேடுறேன்.”

நானும் இரண்டு நாள் கணினியில் தேடினேன். கிடைக்கவில்லை. கடைசியில் வெள்ளானூர்க்காரரிடம் கேட்டேன்.

“மடிச்சு வச்ச மேப்பெல்லாம் இருக்குமே, அதுவா? மீன் புக்குங்களோட கீது மேடம். நான்தானே தூசு தட்றேன்” என்று போய் எடுத்துவந்தார்.

முகப்புத் தாளின் பின்புறம் பென்சிலில் எழுதியிருந்த எண் என் கையெழுத்து. முதல் அத்தியாயம் மட்டும் ஏரி மீன்களைப் பற்றியது. எண் கொடுத்தபோது அதற்குமேல் நான் புரட்டவே இல்லை.

‘இப்போதுதான் கிடைத்தது’ என்று கொடுத்திருந்தால் அவளுக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் எதிரில் நின்றவளிடம் அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

“தப்பான இடத்துல போட்டது நான்தாம்மா.”

“ஆறு மாசம் மேடம்” என்றாள். குரலில் கோபம் இருந்தது. பிறகு உட்கார்ந்து வரைபடத்தை விரித்தவள், சாப்பாட்டு நேரம் தாண்டியும் எழுந்திருக்கவில்லை. போகும்போது, “இந்த மாதிரி இன்னும் இருக்குமா?” என்று கேட்டாள்.

“இருக்கும்” என்றேன்.

நடந்ததை நூலகரிடமும் சொன்னேன். அவர் திட்டவில்லை, வாரத்தில் ஒரு நாளை இதற்கென்று ஒதுக்கித் தந்தார். இப்போது புதன்கிழமைகளில் நானும் வெள்ளானூர்க்காரரும் பழைய அறிக்கைகளை இறக்கிவைத்து, ஒவ்வொன்றையும் கடைசிப் பக்கம்வரை புரட்டிப் பார்க்கிறோம். ஒரு நாளைக்கு அலமாரியில் ஒரு தட்டு முடிந்தாலே அதிகம்.