மாமனார் எடுத்த இருபத்துநாலு இஞ்ச்

எனக்கு உடம்பு நீளம், கால் குட்டை. உட்கார்ந்தால் ஆறடி ஆள். எழுந்தால் எல்லாம் போச்சு. பெண் பார்க்கப் போன அன்று நான் பாயில் உட்கார்ந்திருக்கையில்தான் மாமனார் என்னைப் பார்த்தார். காப்பி குடித்த கையோடு, வயலில் தண்ணீர் பாய்கிறது என்று கிளம்பிவிட்டார். அந்தக் கணக்கை வைத்தே கல்யாணச் சீராக, ஆறடி ஆளுக்கான இருபத்துநாலு இஞ்ச் சைக்கிள் வாங்கி, மாலை போட்டு மண்டபத்தில் நிறுத்தியும் விட்டார்.

மறுவீட்டு விருந்து முடிந்து வில்லாபுரத்திலிருந்து கிளம்பும்போது, "மாப்ள, புது வண்டியிலயே பிள்ளையக் கூட்டிட்டுப் போங்க. நாலு பேரு பாக்கட்டும்" என்றார். சீட்டை அடியோடு இறக்கியும் பெடல் கீழே போகையில் பெருவிரல்தான் எட்டும். வேறு வண்டி கேட்கலாமென்றால், சீரைக் குறை சொன்னான் என்று சொந்தபந்தம் பேசும். அது என் பெண்டாட்டி தலையில்தான் விடியும்.

வாசல் படியில் கால் வைத்து ஏறிவிட்டேன். அவள் ஓடிவந்து கேரியரில் உட்கார்ந்தாள். ஓடுகிறவரை கவலையில்லை, நிறுத்தினால் தொலைந்தேன். ஒரு பக்கமாகச் சாய்ந்து குதித்தால்தான் எனக்கு இறங்கவே முடியும். பின்னால் அவளை வைத்துக்கொண்டு எங்கே சாய்வது? ஆற்றுப் பாலம் ஏறுவதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிப்போனது. நிற்க நேர்ந்துவிடக் கூடாதென்று மாட்டுவண்டி, ரிக்‌ஷா எல்லாவற்றுக்கும் மணி அடித்து விலக்கிக்கொண்டே மிதித்தேன்.

"என்னங்க, மெதுவாத்தான் போங்களேன்."

"நீ பேசாம வா!" என்று எரிந்து விழுந்தேன். புதுப் பெண்டாட்டியிடம் நான் காட்டிய முதல் கோபம் அது. வண்டியைத் திட்ட முடியவில்லை, அவளைத் திட்டினேன்.

கோரிப்பாளையம் முக்கில் போலீஸ்காரர் சட்டென்று கையை நீட்டிவிட்டார். குறுக்கே பஸ். பிரேக்கைப் பிடித்தேன். இடது காலை நீட்டித் துழாவினேன், தரை கிடைக்கவில்லை. வண்டி சரிந்தது. ஐயையோ, அவளைக் கொன்றேவிட்டேன் என்று நினைத்தேன்.

விழவில்லை. நல்ல உயரம் அவள். இரண்டு காலையும் தரையில் ஊன்றி, கேரியரை இறுக்கிப் பிடித்து வண்டியை நிறுத்தியிருந்தாள்.

"அந்தா இருக்கு அப்பா வாங்குன கடை. நேரா அங்க விடுங்க, வண்டிய மாத்திக்கலாம். அப்பாட்ட நான் பேசிக்கிறேன்."

கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "அண்ணனுக்கு இருபத்திரண்டு இஞ்ச் போதும்" என்றார்.

"ஆளப் பாக்காதீங்கண்ணே, காலப் பாருங்க. இருபதா குடுங்க. ஹேண்டில மட்டும் நல்லாத் தூக்கி வச்சிருங்க, இல்லாட்டி இம்புட்டு நீள முதுகு வளைஞ்சு போகும்" என்றாள் அவள்.

ஏறி உட்கார்ந்தேன். கால் தரையில் பதிந்தது. முதுகும் நேராக இருந்தது. போன உயிர் திரும்பி வந்தது.

வெளியே வந்ததும் கேட்டேன். "என் கால் குட்டைன்னு ஒனக்கு எப்படித் தெரியும்?"

"எங்கப்பாதான் நீங்க உக்காந்திருக்கையில பாத்தாரு. நீங்க எந்திரிச்சுப் போறத சன்னல் வழியா நல்லாப் பாத்துட்டுத்தான் நான் சரின்னு சொன்னேன்."