கட்டிக்கு உத்தரவு போட்ட ஹார்மோன்

எண்பதுகளின் கடைசியில் என் அக்காவுக்கு மார்பில் கட்டி வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் வாழ்க்கைப்பட்டு, ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்குத் தினமும் பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தாள். பிள்ளை இல்லை. அதற்கே மாமியார் குத்திக்காட்டுவதால், கட்டியை யாரிடமும் சொல்லாமல் மறைத்தாள். மதுரைக்குக் கொண்டுபோனபோது மார்பையே எடுக்க வேண்டியிருந்தது.

எடுத்ததை வெளியூருக்கு அனுப்பிச் சோதித்தார்கள். முடிவைச் சொல்ல டாக்டர் கூப்பிட்டார். கல்லூரியில் விலங்கியல் படிக்கிறேன் என்று என்னை முன்னால் தள்ளினார்கள். கருமுட்டை உண்டாகும் சூலகத்தில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் ரத்தத்தோடு ஓடுகிறது. அதைப் பிடித்துக்கொள்ளும் ஒரு புரதம் அக்காவின் கட்டியில் நிறைய இருக்கிறது. இரண்டும் ஒட்டிக்கொண்டு செல்லின் உட்கருவுக்குள் இருக்கும் மரபணுக்களைத் தூண்டி, இன்னின்ன புரதத்தைச் செய் என்று உத்தரவு போடும். அந்தப் புரதங்களால்தான் செல் பெருகுகிறது என்றார். நான் வீட்டாருக்கு விளக்கினேன். சூலகத்தை எடுத்தால் உத்தரவு அடங்கும்.

அத்தான் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அப்ப இனி பிள்ளைக்கு வழியே இல்லையா?"

இல்லை என்றார் டாக்டர். டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று போன அத்தான், அப்படியே ஊருக்கு பஸ் ஏறிவிட்டார். ஆபரேஷனுக்கு அப்பாதான் கையெழுத்துப் போட்டார்.

முப்பது வயதுக்குள் அக்காவுக்குத் தீட்டு நின்றது. உடம்பு திடீர் திடீரென்று கொதித்து வியர்த்தது. பொம்பளை என்று சொல்ல அவளிடம் என்ன மிச்சம் என்று மாமியார் தெருவில் பேசினாள். அத்தானுக்கு வேறு பெண் பார்த்து முடித்த கையோடு எங்கள் வீட்டுக்கு வந்து, தாலி அவர்கள் வீட்டுத் தங்கம் என்று திருப்பிக் கேட்டாள். அம்மா அழுதாள். அக்கா கழற்றிக் கொடுத்தாள்.

"என் ரத்தத்துல ஓடுனது இதுலயும் ஏறியிருக்கும். நல்லா கழுவிட்டுப் புதுப் பொண்ணுக்குப் போடுங்க."

அப்புறம் அவள் தறிக்கே திரும்பினாள். ஹார்மோன் போய் ஒட்டும் இடத்தை அடைத்துக்கொள்ளும் மாத்திரை ஒன்றை விழுங்கிக்கொண்டு சில வருஷம் ஓட்டினாள். பிறகு முதுகு வலித்தது. புற்று எலும்புக்குப் பரவிவிட்டது, செல்கள் இப்போது எந்த உத்தரவுக்கும் காத்திராமல் தாமாகவே பெருகுகின்றன என்றார் டாக்டர். அந்தக் கோடையிலேயே போய்ச் சேர்ந்தாள்.

துக்கத்துக்கு மாமியார் வந்தாள். அழவில்லை. என்னை ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"அவ புழங்குன வீட்டுலதான் எம் பேத்தி வளர்றா. தொத்தாதுல்ல?"

தொத்தாது என்றேன். நிம்மதியாகப் பந்தலில் போய் உட்கார்ந்து காப்பி வாங்கிக் குடித்தாள்.