ஊசி பூச்சியத்துக்கு இறங்கிய பின்னேரம்

முல்லைத்தீவுக் கரையில் எங்கள் மாதா கோயில் திருநாள் நெருங்கிய நேரம், பாட்டு ஒத்திகையில் ஸ்பீக்கர் புகைந்தது. நான் திருத்திக் கொடுத்த ஸ்பீக்கர்! றேடியோ திருத்துவதுதான் என் பிழைப்பு. பழைய மோட்டரில் கழற்றிய கம்பியால் அதன் சுருளைச் சுற்றியிருந்தேன். ஓர்கன் வாசிக்கும் அயல்வீட்டுத் தம்பி, பாடுகிற பிள்ளைகள் எல்லோரும் கேட்க, அக்கா சுற்றினது சரியில்லை என்று சொல்லிவிட்டான். மாங்குளத்திலிருந்து சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்த இரவல் ஸ்பீக்கர் ஒன்றுதான் மிச்சம். அதில் என் கை படக்கூடாதாம். எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது.

சண்டைக் காலம்; தடை போட்டிருந்ததால் வன்னிக்குள் அப்போது ஒரு சாமானும் வராது. இதுவும் எரிந்தால் திருநாள் பாட்டும் அவ்வளவுதான், என் பேரும் அவ்வளவுதான். மின்சாரம் அளக்கிற மீற்றரைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்கு ஓடினேன். முதலில் அளக்கவேண்டும் என்று, ஸ்பீக்கரைக் கொழுவப்போன தம்பியை மறித்தேன். ஓர்கனை உழவு மெஷின் பற்றரியில் கொடுத்து, ஒரு கட்டையையும் அமத்தாமல், ஸ்பீக்கருக்குப் போகும் இரண்டு வயரிலும் மீற்றரை வைத்தேன். வாசிக்காத நேரம் அங்கே மின்சாரம் இருக்கவே கூடாது. ஊசி விறுவிறென்று ஏறி ஆறு வோல்ட்டில் நின்றது. எனக்குத் துள்ளிக் குதிக்கவேண்டும் போலிருந்தது.

"பார், சும்மா இருக்கேக்கையே சுருளைச் சுடுது."

ஓர்கனைத் திறந்தேன். பற்றரி மின்சாரத்தை மறித்துப் பாட்டை மட்டும் வெளியே விடுகிற பெரிய கொண்டென்சர் இருந்த இடத்தில், ஒரு துண்டு வயர் இளித்துக்கொண்டிருந்தது. தம்பியின் முகம் செத்துப்போயிற்று. அவன் வீட்டு றேடியோ பழுதாகி, தாய் செய்தி கேட்க வழியில்லாமல் அந்தரப்பட்டாவாம். அதனால் கொண்டென்சரைக் கழற்றி றேடியோவுக்குப் போட்டானாம். வயரை வைத்தும் ஓர்கனில் சத்தம் வந்தபடியால் பிழையில்லை என்று நினைத்தானாம். ஒன்றைக் கழற்றி இன்னொன்றுக்குப் போட்டுத்தானே நாங்கள் எல்லோரும் சீவித்தோம்? ஆனாலும் ஏசினேன், நல்லாகவே ஏசினேன்.

அவன் வீட்டுக்குப் பறந்துபோய் றேடியோவோடு வந்தான். கொண்டென்சரைக் கழற்றி, அடுப்பில் காய்ச்சிய இரும்பால் ஓர்கனில் பற்றவைத்தேன். மீற்றரை வைத்ததும் ஊசி திரும்பவும் ஏறியது. அவன் தலையில் கை வைத்தான். பொறு என்றேன். கொண்டென்சர் நிறைய நிறைய, ஊசி மெல்ல மெல்ல இறங்கிப் பூச்சியத்தில் படுத்தது. ஐயோ, அந்தச் சந்தோசம்!

இரவல் ஸ்பீக்கரை விட்டு நான் தள்ளியே நின்றேன். தம்பி இரண்டு வயரையும் எடுத்து என் கையில் தந்தான். பிள்ளைகளுக்குக் கேட்கும்படிதான் சொன்னான்.

"அக்கா சுத்தினது சரி. எரிச்சது நான். நீங்களே கொழுவுங்கோ."

வயர் இரண்டையும் இறுக்கிக் கொழுவிவிட்டு, கட்டையை அமத்தச் சொன்னேன்.