தூளி வேகத்தில் ஒரு பாட்டு

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு அந்த வருஷம் வந்த பாட்டு டீச்சருக்கு ஒரு பிடிவாதம். ஆண்டு விழாவில் ரேடியோப் பாட்டு கூடாது, கோயில் பாட்டு கூடாது, கட்சி மேடைப் பாட்டும் கூடாது. நாங்களே பாட்டுக் கட்ட வேண்டும்.

“மூணு சுரம் போதும். வீட்டுல தினம் செய்யிற ஒரு வேலையை எடுத்துக்குங்க. அந்த வேலை எப்படி ஆடுதோ அப்படியே பாடுங்க,” என்றார்.

ஒருத்தி முறத்தில் புடைப்பதைப் பாடினாள். ஒருவன் சைக்கிளுக்குக் காற்றடிப்பதைப் பாடி மூச்சு வாங்கினான். எனக்கு வாய்த்த வேலை, அம்மா பண்ணை வயலில் நடவு நடும்போது வரப்போரப் பூவரச மரத்துத் தூளியில் தம்பியை ஆட்டுவது. தூளி போகையில் ஒரு அடி, அந்தரத்தில் அது நிற்கையில் கொஞ்சம் மௌனம், திரும்புகையில் இன்னொரு அடி. அவ்வளவுதான் என் பாட்டு.

டீச்சருக்குப் பிடித்தது. ஆனால் கூட்டம் தூங்கிவிடும், வேகமாகப் பாடு என்றார்.

“வேகமா ஆட்டுனா தம்பி மரத்துல முட்டிக்குவான் டீச்சர்.”

வகுப்பே சிரித்தது. நான் மாற்ற மாட்டேன் என்றேன். விழாவிலிருந்து என் பாட்டை எடுத்துவிட்டார்கள். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. யாரையாவது இதைப் பாட வைக்காமல் விடுவதில்லை என்று கறுவிக்கொண்டு, தூளியை ஆட்டியபடி வயலே கேட்கப் பாடினேன்.

அது கூலித் தகராறு முற்றியிருந்த வருஷம். டீக்கடை வாசலில் ஆளுங்கட்சிக் கொடி, எங்கள் தெருமுனையில் செங்கொடி. கூலி நெல்லைக் கூட்டி அளக்கும்படி கேட்டும் பண்ணையார் அசையவில்லை. வேலையை நிறுத்தினால் வெளியூர் ஆளை இறக்கிவிடுவார் என்பதால் பெண்கள் நட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

நடவில் பாட்டெடுத்துக் கொடுப்பது பெரியம்மா. அவள் பாட்டு போகிற வேகத்துக்குத்தான் அத்தனை கையும் நாற்றை ஊன்றும். அன்று அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

“இந்தா புள்ள, அதை இன்னொருக்கா பாடு.”

பாடினேன். பெரியம்மா வாங்கிப் பாடினாள். வரிசை முழுக்கப் பாடியது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. டீச்சர் வந்து கேட்கட்டும் என்று நினைத்தேன்.

மறுநாளும் அதே பாட்டுத்தான். பறித்த நாற்று கட்டுக்கட்டாகக் கிடந்து வாடியது. வாய்க்காலில் முறைத் தண்ணீரை நிறுத்தும் நாளும் நெருங்கியது. பண்ணையின் காரியக்காரர் குடையோடு வரப்பில் ஓடிவந்தார்.

“என்ன தாலாட்டா பாடுறீங்க? பழைய பாட்டை எடுங்க.”

“புள்ள கட்டுன பாட்டுங்க. வாயில வேற வர மாட்டேங்குது,” என்றாள் பெரியம்மா, குனிந்தபடியே. அவர் என்னை முறைத்தார். என் பாட்டின் அருமை தெரியாத இன்னொரு ஆள் என்று நானும் முறைத்தேன்.

அதற்கடுத்த நாள் சாயங்காலம் களத்தில் கூலி நெல்லைக் கூட்டி அளந்தார்கள். விடிந்ததும் பெரியம்மா பழைய பாட்டை எடுத்தாள். கைகள் பறந்தன. நான் வரப்பில் நின்று, என் பாட்டைத்தான் பாட வேண்டும் என்று அழுதேன்.

“அதோட வேலை முடிஞ்சிருச்சுடி,” என்றாள் அம்மா.

பாட்டுக்கு என்ன வேலை, அது எப்படி முடியும்? ஒன்றும் விளங்கவில்லை. அன்றிரவு கூடக் கிடைத்த நெல்லைக் குத்தி அம்மா வயிறாரச் சோறு வடித்திருந்தாள். என் பாட்டைக் கைவிட்டவர்கள் சோறு எனக்கு வேண்டாம் என்று தட்டைத் தள்ளிவிட்டுப் படுத்துக்கொண்டேன்.