எவரிஸ்தோவின் பின் பிரேக்

கொலம்பியாவின் பொகோத்தா நகரத்தில் சைக்கிளில் பார்சல் கொண்டுபோய்க் கொடுப்பவர்களிலேயே பெரிய ஆள் தான்தான் என்று எவரிஸ்தோ உசெச்சேவுக்கு நினைப்பு. காரணம், அவன் வண்டிக்குப் பிரேக்கே கிடையாது. பின் சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும். நிறுத்த வேண்டுமென்றால் காலால் பெடலை எதிர்த்து அழுத்த வேண்டும். அவன் கூட்டாளிகளும் அதே ரகம். எவனாவது பிரேக் வைத்திருந்தால் நாள் முழுக்க அவனைக் கிண்டல் செய்தே கொல்வார்கள். வீரமாம், வீரம்!

நாற்பது வயதில் முட்டி தேய்ந்தது. இன்னும் கொஞ்ச நாள் இப்படி அழுத்தினால் கோலூன்றித்தான் நடக்க வேண்டும் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். சைக்கிளை விட்டால் சோற்றுக்கு வழியில்லை. ஆகவே தெரிந்தவன் எவனும் பார்க்கிறானா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, நூர்பியின் சைக்கிள் கடைக்குள் நுழைந்தான்.

"அக்கா, பின்னாடி ஒரு பிரேக் மாட்டணும்."

"பின்னாடியா? பின் சக்கரத்ததான் உன் காலே புடிக்குதே. வண்டிய நிறுத்துறது முன் பிரேக்குய்யா."

"முன்னாடி வெச்சா தெரியுமே."

"யாருக்கு?"

"பசங்களுக்கு."

நூர்பி தலையில் அடித்துக்கொண்டாள். "முட்டி போச்சுன்னு வந்துட்டு, பசங்க என்ன சொல்வாங்கன்னு கவலைப்படுறான் பாரு! நீயெல்லாம் வெளங்கிடுவே!"

பந்தய சைக்கிளின் சட்டகம் அது. பிரேக் மாட்ட ஓட்டையே இல்லை. திட்டிக்கொண்டே சீட்டுக்கு அடியில் இருந்த குறுக்குக் கம்பியில் துளை போட்டு மாட்டிக் கொடுத்தாள். எவரிஸ்தோ பிரேக்கின் மேல் ஒரு பையைத் தொங்கவிட்டு, கேபிளையும் கைப்பிடியில் இருந்த பிரேக் நெம்பையும் கறுப்பு டேப் சுற்றி மறைத்தான். மூளை அதற்கு மட்டும் நன்றாக வேலை செய்தது.

சனிக்கிழமை கூட்டாளிகளோடு லா கலேரா மலையிலிருந்து இறங்கும்போது, முன்னால் போன லாரி சட்டென்று நின்றது. பதறிப்போய்ப் பிரேக்கைப் பிடித்தான். பின் சக்கரம் பூட்டிக்கொண்டது. கூடவே பெடலும் நின்றது. கால்களோ பெடலோடு வாரால் கட்டப்பட்டிருந்தன. வண்டி வழுக்கிப் போய்ச் சாய்ந்தது. ஏற்கெனவே தேய்ந்திருந்த அந்த முட்டி மடாரென்று திருகிக்கொண்டது. பை கிழிந்து, பிரேக் பல்லைக் காட்டியது.

கூட்டாளிகள் ஓடி வந்தார்கள். கிண்டலில் முதல் ஆளான வில்மர் குனிந்து பார்த்தான்.

"ஐயையோ! அண்ணே... நீங்களா?"

எவரிஸ்தோ கண்ணை மூடிக்கொண்டான்.

"ஜனங்க வராங்கடா, ஸ்பேனர எடுங்க!" என்று வில்மர் கத்தினான். அந்த மகா புத்திசாலிகள் முதலில் பிரேக்கைக் கழற்றினார்கள். கேபிளைப் பிய்த்தார்கள். பிறகுதான் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார்கள்.

"ஒருத்தனுக்கும் தெரியாதுண்ணே. நான் பாத்துக்கறேன்."

ரோட்டில் கிடந்தபடியே எவரிஸ்தோ அவன் கையைப் பிடித்துக்கொண்டு, நன்றி தாங்காமல் கேவிக் கேவி அழுதான். அந்த முட்டி இனி மடங்காது என்று சாயங்காலம் டாக்டர் சொன்னபோதுகூட அவன் அப்படி அழவில்லை.