லேபிள் சுரண்டிய பாட்டில்

என் மகளுக்கு ஆட்டிசம். ஒன்பது வயதாகியும் பேச்சு வரவில்லை. திருவொற்றியூரில் நாங்கள் போகும் பேச்சுப் பயிற்சி மையத்தில் இன்னொரு குழந்தையின் தாய், "மூக்குல வுடுற ஹார்மோன் மருந்து ஒண்ணு கீதுக்கா, புள்ள தன்னால பேசும்" என்றார். மறுநாளே அவர் சொன்ன கிளினிக்கில் வாங்கி வந்தேன். ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

துறைமுகத்தில் கன்டெய்னர்களைச் சரிபார்க்கும் என் கணவர் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தார்.

"லேபிள் சொரண்டிக் கீது பாரு. இந்த மாதிரி பொட்டிய நாங்க ஹார்பர் கேட்டாண்டயே நிறுத்திடுவோம். இத்தப் போய் புள்ள மூக்குல வுடுவியா?"

பாட்டிலோடு அரசு மருத்துவமனைக்குப் போனோம். "நீங்க சொல்ற ஹார்மோன் ஆட்டிசத்துக்குப் பலன் தரும்னு இன்னும் நிரூபணமாகலம்மா. இந்த பாட்டில்ல அதுதான் இருக்கான்னும் தெரியாது. பயிற்சியை விடாதீங்க" என்றார் குழந்தைகள் மருத்துவர்.

இப்போதெல்லாம் யார் என்ன மருந்து சொன்னாலும், அதில் என்ன இருக்கிறது, என்ன கெடுதல் வரலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்கிறேன். முதலில் அந்தக் கிளினிக்கில்தான் கேட்டேன். "நம்பிக்கை இல்லன்னா வராதீங்க" என்றார்கள்.

கேட்காமல் வாங்கி வந்தேனே, அது முழுக்க நம்பிக்கைதான்.